ஆலோசனைக்கா பஞ்சம்?

அரசு மனநல மருத்துவமனையைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு மோசமான செய்தி வந்தால், பின்னாலேயே ஒரு யோசனையும் வந்து நிற்கும். கழிப்பறை நாறுகிறது, மாற்றுத் துணி இல்லை, நோயாளி சுவரேறிக் குதித்துவிட்டார், வார்டில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள் என்று செய்தி எதுவானாலும் மருந்து ஒன்றுதான். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். ஒருவர், பெயர்பெற்ற மருத்துவர் இருவர், தாராளமாகக் கொடுக்கிற தொழிலதிபர் ஒருவர், ரோட்டரியிலோ லயன்ஸிலோ பொறுப்பில் இருப்பவர் ஒருவர். இவர்களைச் சேர்த்து அறங்காவலர் ஆலோசனைக் குழு ஒன்றை நியமித்துவிட்டால் நிர்வாகம் சீர்பட்டுவிடும் என்கிறார்கள். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள், பட்டிமன்றத்தில் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள், செம்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பர் விரித்து உட்காருகிறவரும் அதையே சொல்கிறார்: “நல்லவங்க நாலு பேர உள்ள போடணும் சார்.”

யாருக்கும் செலவு வைக்காத, யாருக்கும் கோபம் வராத யோசனை இது. அரசுக்கு ஓர் அரசாணையோடு வேலை முடிந்தது. மருத்துவமனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். குழுவில் இடம் கிடைத்தவருக்கு விசிட்டிங் கார்டில் ஒரு வரி கூடும். இத்தனை பேருக்கு இவ்வளவு வசதியாக இருக்கிற சீர்திருத்தத்தைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டாமா?

தட்டிப் பார்த்தால் ஓட்டை தெரிகிறது. நம் மனநல மருத்துவமனைகள் ஆலோசனை கிடைக்காமல் கெட்டதில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டமே ஆள் வைத்து ஆலோசனை சொல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. அங்கே இல்லாதவை இரண்டு. கேள்வி கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டிய ஆள் ஒருவர். குணமானவர் வெளியேறிப் போய்ச் சேர ஓர் இடம். இந்த இரண்டையும் கொண்டுவராத குழு, எவ்வளவு உத்தமர்களைக் கொண்டிருந்தாலும், நிர்வாகத்துக்குக் குடை பிடிக்கத்தான் பயன்படும்.

கீழ்ப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் யாரையாவது கேலி செய்ய வேண்டுமென்றால் உடனே நாக்கில் வந்து விழுகிற பெயர் அது. கம்பெனி ஆட்சிக் காலத்தில், 1794இல் சென்னையில் தொடங்கிய காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது.  இதையும் இதைப் போன்ற மற்றவற்றையும் ஆண்ட 1912ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், ஒவ்வொரு காப்பகத்துக்கும் குறைந்தது மூன்று பார்வையாளர்களை மாகாண அரசு நியமிக்க வேண்டும் என்றது. அவர்களில் ஒருவராவது மருத்துவ அதிகாரியாக இருக்க வேண்டும். சிறைத்துறைத் தலைவர் பதவி வழியாகவே பார்வையாளர். மாதம் ஒருமுறையாவது இரண்டு பேராகச் சேர்ந்து வந்து, காப்பகத்தின் எல்லாப் பகுதிகளையும் சுற்றிப் பார்த்து, முடிந்தவரை ஒவ்வொரு நோயாளியையும் கண்டு, அதற்கென்று வைத்திருக்கும் புத்தகத்தில் குறிப்பு எழுத வேண்டும். 1987இல் வந்து 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் மூன்று பேரை ஐந்து பேராக்கியது. சமூகப் பணியாளர் இருவர் கட்டாயம் என்றது. மாதாந்திர ஆய்வுக்கு மூன்று பேராவது சேர்ந்து போக வேண்டும் என்றது.

இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் முன்வைக்கப்படும் ஆலோசனைக் குழுவில் இவற்றைவிட அதிகமாக என்ன இருக்கிறது? பெரிய மனிதர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், எழுதுகிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை என்று 1912இல் இருந்தது, இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அவ்வளவே வித்தியாசம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 1912 சட்டம், காலனியச் சட்டமாக இருந்தும், பார்வையாளர்களுக்கு ஒரு நிஜமான அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. ஒரு மருத்துவ அதிகாரியை உள்ளடக்கிய மூன்று பார்வையாளர்கள் எழுத்துமூலம் உத்தரவிட்டால், காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த ஒருவரை விடுவித்தாக வேண்டும். சிறையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு. 1987 சட்டம் பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டியது. விடுவிக்கும் அதிகாரத்தை மருத்துவ அதிகாரியிடம் கொடுத்தது. அவர் இரண்டு மருத்துவர்களின் பரிந்துரையைக் கேட்டு முடிவு செய்வார். ஆக, சுதந்திர இந்தியா பார்வையாளர்களுக்கு நாற்காலிகளைக் கூட்டிப்போட்டுப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டது. இப்போது கேட்கப்படும் ஆலோசனைக் குழு அதே பாதையில் இன்னும் ஓர் எட்டு.

அந்தக் குறிப்புப் புத்தகங்களால் என்ன விளைந்தது? தேசிய மனித உரிமை ஆணையத்துக்காகப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நாடெங்கும் 37 மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து தந்த அறிக்கை 1999இல் வெளிவந்தது. சட்டப்படி பார்வையாளர்கள் வந்துபோய்க்கொண்டிருக்க வேண்டிய காலம் அது. அப்போதும் பல இடங்களில் சிறைச்சாலையின் கட்டட அமைப்பு அப்படியே இருந்தது. சிகிச்சையைவிட அடைத்துவைப்பதே முதன்மையாக இருந்தது. மாதாமாதம் எழுதப்பட்ட குறிப்புகளுக்கு வலிமை இருந்திருந்தால், அந்த அறிக்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

“உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியாட்கள் பார்த்தாலே பாதித் தவறு நின்றுவிடும்” என்பது ஆலோசனைக் குழு தரப்பின் வலுவான வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஏர்வாடி அதைப் பொய்யாக்கிவிட்டது.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அந்தக் காப்பகம் காட்டுக்குள் ஒளிந்து நடக்கவில்லை. தர்காவுக்கு வருகிற ஆயிரக்கணக்கான பேர் நடமாடுகிற ஊரில், சங்கிலிச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில், அப்படிப்பட்ட காப்பகங்கள் பல நடந்தன. யாத்ரீகர்கள் பார்த்தார்கள், அதிகாரிகள் பார்த்தார்கள், உறவினர்கள் தாங்களே கொண்டுவந்து விட்டுப் போனார்கள். உரிமம் வேண்டும் என்று சட்டம் இருந்தது. பார்த்த கண்கள் ஏராளம். பார்த்ததைப் பார்த்த பிறகு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற கடமை எந்தக் கண்ணுக்கும் இல்லை. தீயும் சாவும் வந்த பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, மாநில அரசு அந்தக் காப்பகங்களை மூடி உள்ளே இருந்தவர்களைப் பொறுப்பில் எடுத்தது.

அது தனியார் காப்பகம், அரசு மருத்துவமனைக்கு அதை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். அரசு இடத்துக்கே போவோம்.

ராஞ்சிக்குப் பக்கத்தில் காங்கேயில் இருந்த அரசு மனநோய் மருத்துவமனையின் நிலையைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போயிற்று. ராகேஷ் சந்திர நாராயண் எதிர் பீகார் அரசு என்று அது வழக்காயிற்று. நீதிமன்றம் விசாரித்துப் பார்த்தது. 1988இல் அது அமைத்தது ஆலோசனைக் குழு அன்று. மருத்துவமனையின் எல்லாக் காரியங்களையும் கவனிக்க முழு அதிகாரம் கொண்ட மேலாண்மைக் குழுவை அமைத்தது. 1994இல் அதைத் தன்னாட்சி நிறுவனமாக்க உத்தரவிட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றம், ஆலோசனையால் காரியம் ஆகாது என்று கண்டுகொண்ட இடம் அது. 1997இல் ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் மூன்றையும் தொடர்ந்து கண்காணிக்கும் பொறுப்பை மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைத்தது.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அதை மறைத்தால் என் வாதம் நேர்மையாக இருக்காது. 2023 ஜனவரியில் அதே ஆணையம் அதே மூன்று மருத்துவமனைகளுக்கும் போய்ப் பார்த்துவிட்டு, நாடெங்கும் உள்ள 46 அரசு மனநல நிறுவனங்களைப் பற்றி நோட்டீஸ் அனுப்பியது. நிலைமை மனிதத்தன்மை அற்றது என்றது. மருத்துவர்களும் ஊழியர்களும் போதவில்லை என்றது. குணமானவர்களைச் சட்டத்துக்குப் புறம்பாக உள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்றது. முழு அதிகாரம் கொண்ட குழுவைக் கண்ட ராஞ்சியும் அந்தப் பட்டியலுக்குத் தப்பவில்லை. அதிகாரமே போதவில்லை என்றால், அதிகாரமும் இல்லாத குழு என்ன சாதிக்கும்? இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது: அதிகாரம் இருந்தும் ஏன் போதவில்லை? குணமானவரை வெளியே அனுப்ப உத்தரவு போடலாம். அவர் போய்ச் சேர வீடு வேண்டும், வீட்டுக்குப் பக்கத்தில் மருந்து வேண்டும். அது எந்த மருத்துவமனைச் சுவருக்குள்ளும் இல்லை.

இதை ஆலோசனைக் குழு பேசுமா? பேசாது. அது எதைப் பேசும் என்பதை அரசு மருத்துவமனைகளில் உள்ள நோயாளர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவரில் பேனர். மேஜையில் பூங்கொத்து, பிஸ்கட், டீ. முந்தைய கூட்ட நடவடிக்கைகள் வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டன. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றை இன்னார் வழங்க முன்வந்தார், நன்றி தெரிவிக்கப்பட்டது. அந்த இயந்திரத்தின் மேல் தண்ணீர் என்ற சொல்லைவிடப் பெரிய எழுத்தில் கொடையாளர் பெயர் இருக்கும். வெள்ளையடிப்பு, மின்விசிறி, பூந்தோட்டம், சிசிடிவி. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை, திறப்பு விழா நடத்தக்கூடியவை, போட்டோ எடுக்கக்கூடியவை. வார்டில் ஏழாவது கட்டிலில் இருப்பவர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார், அவருக்கு நோய் தணிந்து எவ்வளவு காலமாயிற்று, கடைசியாக அவர் வீட்டு விலாசத்துக்கு யார் போனார்கள் என்ற கேள்விக்குத் திறப்பு விழா கிடையாது. அதனால் அது நிகழ்ச்சி நிரலில் ஏறுவதில்லை.

குழு உறுப்பினர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களை அமர்த்துகிற முறை அவர்களை இப்படித்தான் நடக்கவைக்கும். வருகிற தேதி முன்கூட்டியே தெரியும். அன்றைக்குப் படுக்கை விரிப்பு மாறும், சாம்பாரில் பருப்பு கூடும். கண்காணிப்பாளர் கூடவே நடப்பார். நோயாளியிடம் “நல்லா இருக்கியாப்பா?” என்று கேட்பார்கள். அவர் எதிரில் வார்டு ஊழியர் நிற்கிறார். என்ன பதில் வரும்?

இங்கிலாந்தில் யார்க் நகரக் காப்பகத்தின் கதை இதற்கு நல்ல பாடம். 1777இல் தொடங்கிய அந்தக் காப்பகத்தின் ஆட்சிக்குழுவில் பேராயரும் ஊர்ப் பெருந்தனக்காரர்களும் இருந்தார்கள். நல்லவர்கள் நாலு பேர் இல்லை, நாற்பது பேர். 1813இல் காட்ஃப்ரி ஹிகின்ஸ் என்ற உள்ளூர் மாஜிஸ்திரேட் ஒரு நோயாளிக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றிப் புகார் எழுப்பியபோது, குழு விசாரித்துக் காப்பகத்தில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. அவர் விடவில்லை. இருபது பவுன் நன்கொடை கொடுத்தால் யாரும் ஆட்சிக்குழு உறுப்பினர் ஆகலாம் என்பது காப்பகத்தின் விதி. அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் பணத்தைக் கட்டி உறுப்பினர்களானார்கள். வாக்குரிமையைக் கையில் எடுத்தார்கள். 1814இல் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார் ஹிகின்ஸ். சமையலறைப் பக்கம் பூட்டிக் கிடந்த கதவு ஒன்றைத் திறக்கச் சொன்னார். சாவியைக் காணோம் என்றார்கள். அடுப்படியில் கிடக்கிற இரும்புக்கோலே எனக்குச் சாவியாகும் என்ற பொருளில் அவர் பேசியதும் கதவு திறந்தது. எட்டடி அறைகள், மலமும் வைக்கோலும். அங்கேதான் பெண் நோயாளிகளை இரவில் அடைத்து வைத்திருந்தார்கள். பேராயர் எத்தனையோ வருஷம் தலைமை வகித்த இடத்தில் அந்தக் கதவை அதுவரை யாரும் திறக்கச் சொன்னதில்லை.

ஹிகின்ஸ் சாதித்தது நல்லவராக இருந்ததால் மட்டும் அல்ல. அவரிடம் ஓட்டு இருந்தது, நேரம் சொல்லாமல் வரும் உரிமை இருந்தது, மறுத்தால் அடுத்து என்ன செய்வார் என்ற பயம் எதிரே நின்றவருக்கு இருந்தது. இந்த மூன்றையும் கழித்துவிட்டு நல்லதனத்தை மட்டும் குழுவில் வைக்கச் சொல்கிறார்கள் நம்மூர் சீர்திருத்தக்காரர்கள்.

நம்மூரில் அறங்காவலர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோயில். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின்கீழ் அமைகிற அறங்காவலர் குழுவை நாம் எவ்வளவோ குறை சொல்கிறோம். கட்சிக்காரர்களுக்குப் பதவி தரும் இடம் என்கிறோம். அந்தக் குழுவிலும் பெண் ஒருவர், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கணக்குத் தணிக்கையில் கோயிலுக்கு நட்டம் தெரிந்தால் அதை அறங்காவலர் கையிலிருந்தே வசூலிக்க வழி இருக்கிறது. தேங்காய் மூடிக்கும் உண்டியலுக்கும் இவ்வளவு பொறுப்பு வைத்திருக்கிற நாம், பூட்டிய வார்டில் இருக்கும் மனிதர்களுக்குப் பொறுப்பில்லாத அறங்காவலர் போதும் என்கிறோம்.

இன்னொரு விஷயம். குழு வேண்டும் என்கிறவர்களில் பலருக்கு, சட்டப்படி ஒரு குழு ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பதே தெரியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநல மறுஆய்வு வாரியங்களை அமைக்க வேண்டும் என்கிறது அது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோ ஓய்வுபெற்றவரோ தலைவர். ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர். ஒரு மனநல மருத்துவர், ஒரு பொது மருத்துவர். மீதி இரண்டு இடங்கள் மனநோயோடு வாழ்கிறவர்களுக்கோ, அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கோ, அவர்களுக்காக இயங்கும் அமைப்புகளுக்கோ. ஒருவர் சுயமாக முடிவெடுக்க இயலாத நிலையில் சேர்க்கப்பட்டால், முப்பது நாளுக்கு மேல் வைத்திருக்க இந்த வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். வாரியத்தின் உத்தரவு பிடிக்காவிட்டால் உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சங்கிலியால் கட்டுவதையும், மயக்கமருந்தும் தசைத்தளர்த்தியும் தராமல் மின்அதிர்ச்சி கொடுப்பதையும் அது அடியோடு தடை செய்கிறது. மொட்டையடிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது, சீருடை போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும் என்பதுவரை எழுதிவைத்திருக்கிறது.

இந்த வாரியங்களை அமைப்பதில் பல மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. அமைத்த இடத்திலும் உறுப்பினர் இடங்கள் நிரம்புவதும், கூட்டம் நடப்பதும், அலுவலக இடம் முதல் தட்டச்சர் வரை கிடைப்பதும் பெரும்பாடு. பல்லுள்ள வாரியம் பட்டினி கிடக்கும்போது பல்லில்லாத ஆலோசனைக் குழுவுக்கு விருந்து வைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அரசுக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. கேள்வி வந்தால், “குழு அமைத்திருக்கிறோம், பரிந்துரை வந்ததும் பரிசீலிப்போம்” என்று சொல்லி நகர்ந்துவிடலாம்.

“எதுவும் இல்லாததற்கு இது மேல் அல்லவா?” என்பார்கள். பொறுப்பை மழுங்கடிக்கிற குழு இருப்பது, குழுவே இல்லாததைவிட மோசம். கீழ்ப்பாக்கத்தின் வரலாற்றிலேயே இதற்கு எதிர்ச்சான்று இருக்கிறது. 1961இல் கண்காணிப்பாளராக வந்து 1978 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் எம். சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர். புறநோயாளிப் பிரிவை வளர்த்தார். நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சி, மறுவாழ்வு என்று வழி திறந்தார். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு வர வேண்டும் என்று முயன்றார். ஓய்வுக்குப் பிறகு 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். அவருக்கு ஆலோசனை சொன்னவர்கள் யாரென்று யாருக்கும் நினைவில்லை. பொறுப்பு அவர் பெயரில் இருந்தது. கேள்வியும் பாராட்டும் அவர் வாசலுக்கே வந்தன.

“கொடையாளர்கள் வரவேண்டுமே, பணம் வேண்டுமே” என்பது அடுத்த வாதம். கொடை வரட்டும். ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கொடுத்தவரை மேற்பார்வைக்கு உட்கார வைக்க அவசியமில்லை. யார்க்கில் இருபது பவுனுக்குப் பதவி விற்றதன் விளைவை முன்னேயே பார்த்தோம். அங்கே ஒரு ஹிகின்ஸ் வந்தது தற்செயல்.

இப்போது நம் ஆத்தூருக்கு வருகிறேன். சேலத்து ஆத்தூர் இல்லை, திண்டுக்கல் ஆத்தூர். இங்கிருந்து கீழ்ப்பாக்கம் நானூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே எவ்வளவு சிறந்த குழு உட்கார்ந்தாலும் சித்தையன்கோட்டையில் வாழைத்தோப்பில் வேலை செய்யும் அம்மாவுக்கு அதனால் ஒரு பஸ் டிக்கெட்கூட மிச்சமாகாது. மகனுக்கு இருபத்திரண்டு வயதில் காதில் குரல் கேட்கத் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மந்திரிக்கிறவர், பிறகு குணசீலம் கோயிலோ ஏர்வாடி தர்காவோ, பிறகு மதுரை பெரியாஸ்பத்திரி. செம்பட்டிக்கு வந்து மதுரை பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஒரு மாத மாத்திரையை மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு திரும்பினால் அன்றைய கூலி போயிற்று. மகன் குளோசபின் சாப்பிடுகிறவனாக இருந்தால் ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லித்தியமாக இருந்தால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் தவறினால் நோய் திரும்பும். திரும்பினால் அடிதடி, போலீஸ், மறுபடியும் சேர்க்கை. மூன்றாவது சேர்க்கையில் குடும்பம் களைத்துப்போகும். நாலாவது தடவை கொண்டுபோய் விட்ட பிறகு விலாசம் மாறிப்போகும். பெரிய மருத்துவமனையில் ஆண்டுக்கணக்காகத் தங்கிவிட்டவர்களில் பலரின் கதை இப்படி ஏதோ ஒரு கிராமத்துப் பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்ததுதான்.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பல்வேறு மனநோய்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நூற்றுக்கு 70 முதல் 92 வரை என்றது. கணக்கெடுத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இந்த ஓட்டையை அடைக்காமல் மருத்துவமனைக்குள் அறங்காவலரை உட்கார வைத்து ஒன்றும் ஆகாது.

ஓட்டையை அடைக்க முடியும் என்பதற்கு எங்கள் வட்டாரமே சாட்சி. காந்திகிராமம் 1959இல் ஆத்தூர் ஒன்றியத்தில் தொடங்கிய முன்னோடிச் சுகாதாரத் திட்டம், பின்னால் ‘ஆத்தூர் அனுபவம்’ என்று பொதுச் சுகாதாரத் துறையில் பெயர்பெற்றது. ஊரார் மதிக்கிற ஆட்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, பயிற்சிபெற்ற செவிலியரும் சுகாதார ஊழியரும் வீடுவீடாகப் போனார்கள். குடும்பநலம் என்ற, அன்றைக்கு வாய்திறந்து பேசவே கூச்சப்பட்ட விஷயத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். பிறப்பு விகிதம் இறங்கியது. 1964இல் டாக்டர் சௌந்தரம் அம்மையார் உருவாக்கிய ஊரகச் சுகாதார நிறுவனம் அந்த வேலையைத் தொடர்ந்தது. அங்கேயும் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குத் தரப்பட்டது திண்ணை வேலை. நாற்காலி வேலை தரப்படவில்லை.

அதே மண்ணில் இன்று செய்ய வேண்டியதும் அதுவே. 1996இல் திருச்சி உட்பட நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இப்போது பரவலாகிவிட்டது. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருந்து தீராமல் இருப்பது, ரத்தப் பரிசோதனையை அங்கேயே எடுப்பது, மாத்திரை வாங்க வராதவர் வீட்டுக்கு ஊழியர் போய்க் கதவைத் தட்டுவது என்ற மூன்றும் நடந்தால், நம் பகுதியிலிருந்து நிரந்தரமாக உள்ளே போகிறவர்கள் குறைவார்கள். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே வரவும் வழி இருக்கிறது. சென்னையின் பான்யன் அமைப்பு 2015இல் தொடங்கிய ‘ஹோம் அகெய்ன்’ முறையில், ஆண்டுக்கணக்காக மருத்துவமனையில் இருந்த பெண்கள் சாதாரணத் தெருவில் வாடகை வீடெடுத்து நாலைந்து பேராக வாழ்கிறார்கள். துணைக்கு ஓர் ஊழியர் இருப்பார். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்வதை, அந்த வீடுகள் நடத்திக் காட்டுகின்றன.

ஆகவே கண்காணிப்பே வேண்டாம் என்பது என் நிலை இல்லை. கண்காணிப்பு வேண்டும், கண்டிப்பாக வேண்டும். அது இப்படி இருக்கட்டும். மனநோயோடு வாழ்ந்து தேறியவர்களும் பராமரிக்கும் குடும்பத்தாரும் அலங்காரத்துக்கு இல்லாமல் சரிபாதியாக அமரட்டும். சொல்லாமல் வரவும், எந்தக் கதவையும் திறக்கச் சொல்லவும், ஊழியர் இல்லாமல் நோயாளியோடு தனியே பேசவும் சட்டப்படி உரிமை இருக்கட்டும். எழுதும் அறிக்கை தமிழில், நோயாளிகளின் பெயர் வெளிவராமல், பொதுமக்கள் படிக்கக் கிடைக்கட்டும். ஒவ்வொரு குறைக்கும் இன்ன அதிகாரி, இன்ன தேதிக்குள் என்று எழுத்தில் பதில் வரட்டும். வராவிட்டால் அது நேரே மறுஆய்வு வாரியத்துக்குப் போகட்டும். இவற்றைக் கொடுக்க மனமில்லை என்றால் குழுவே வேண்டாம். டீச்செலவாவது மிஞ்சும்.

அதுவரை, குழு கேட்டு மனுப் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மனுவின் முதல் வரியில் இதை எழுதுங்கள்: இந்த மருத்துவமனையில் நோய் தணிந்து, வீட்டுக்குப் போகத் தகுதியான நிலையில் இருந்தும் உள்ளேயே இருக்கிறவர்கள் எத்தனை பேர், எவ்வளவு காலமாக, எந்தெந்த மாவட்டத்துக்காரர்கள், அவர்களை அனுப்பப் பொறுப்பான அதிகாரி யார்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கை வெளியிடச் சொல்லுங்கள். எண்ணிக்கை இறங்கினால் நிர்வாகம் நடக்கிறது. இறங்காவிட்டால், நீதிபதி வந்தாலும் தொழிலதிபர் வந்தாலும் நடக்கவில்லை. அந்த ஓர் எண்ணைக் கேட்கத் துணிவில்லாதவர்கள், நல்லவர்கள் நாலு பேரைத் தேடி அலைவதை நிறுத்திக்கொள்ளலாம்.